ஈரமான இடங்கள்

ஜூன் 4

அன்புள்ள பெருச்சாளிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு புகார்.

நீங்கள் லீவு முடிந்து சுரங்கத்துக்குத் திரும்பிப் பத்தொன்பது நாள் ஆகிறது. கிளம்பும்போது கம்பளி, சவர சாமான், பாட்டரி லைட்டு எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்து வைத்தீர்கள். இருமலை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். லீவில் இருந்த இரண்டு வாரமும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு லொக்கு லொக்கென்று இருமினீர்களே, இப்போது அது என் முறை. ஐந்து நாளாகக் காய்ச்சலும் உண்டு. சாயங்காலமானால் உடம்பு அடுப்பாகிவிடுகிறது.

அச்சகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. இந்த வாரம் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே, அந்தத் துண்டுத்தாளுக்குப் புரூப் பார்க்கிறோம். ரேடியோ அண்ணன் மூலத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்கிறார், நான் அச்சுத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டு வருகிறேன். அவர் "கமா" என்றால் நான் ஒரு லொக்கு. "ஃபுல்ஸ்டாப்" என்றால் இரண்டு லொக்கு. "அம்மா, நீ இருமுறதும் அச்சுல வந்துடப் போகுது, பார்த்து" என்கிறார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தக் குரலுக்கு மட்டும் முப்பது.

அண்ணி நேற்று மாடிக்கு ஏறி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "மாத்திரையைப் போட்டுட்டுப் படு. என் தம்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். தம்பியை வளர்த்தவர் அல்லவா, தம்பியின் பொருள் ஒன்று உடைந்துவிடக் கூடாது என்ற கவலை. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். வெந்நீர் வைத்துத் தந்தார்.

இன்று காலை புதிதாக ஒன்று. உதட்டின் உள்பக்கம் எரிகிறது. டீ குடிக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு மூன்று கொப்புளம். சூட்டுக் கொப்புளமாகத்தான் இருக்கும்.

உங்கள் இருமல் நின்றதா? மலைக் குளிரில் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இங்கே கட்டில் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

உங்கள்
புள்ளி


ஜூன் 8

அன்புள்ள புள்ளிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை சரக்கு லாரியில் வந்தது. அரிசி மூட்டைக்கும் டீசல் பீப்பாய்க்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. வாசனை பிடித்துப் பார்த்தேன், டீசல்தான் அடித்தது. இருந்தாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் இருமல் போய்விட்டது. இங்கே எங்கள் கொட்டகையில் பாதிப் பேருக்கு அந்த இருமல்தான். ஒருத்தன் ஆரம்பித்தால் கச்சேரி மாதிரி வரிசையாக எல்லோரும் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த மாதம் நாற்பது மீட்டர் குடைந்திருக்கிறோம். மலைக்குள்ளே போகப் போக வெளியில் வெயிலா மழையா என்றே தெரிவதில்லை. வெளியே வரும்போது கண் கூசும், அப்போது உன்னை நினைத்துக்கொள்வேன். ஏனென்று கேட்காதே, எனக்கு அழகாகச் சொல்ல வராது. நீதான் ஃபுல்ஸ்டாப் விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிறவள்.

வாய்ப்புண் என்றால் காரம் சேர்க்காதே. அக்கா சொல்வதைக் கேள். அவள் வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம். எட்டு வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்த ரேடியோவிடம் மெதுவாகப் படிக்கச் சொல். என் பெண்டாட்டி இருமி முடிக்கிற வரைக்கும் கமா போடாதே என்று நான் சொன்னதாகச் சொல்.

உன்
பெருச்சாளி


ஜூன் 10, ஆஸ்பத்திரி

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னியுங்கள். கண் சரியாகத் திறக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததா என்றுகூடத் தெரியாது. நான் வீட்டில் இல்லை. ஏழாம் தேதி காலை வாய் முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. உதட்டின் மேல் ரத்தம் கட்டிக் கறுப்பாகப் பொருக்கு. எச்சில் முழுங்கினால் கண்ணாடித் தூள் முழுங்குகிற மாதிரி. பேச முடியாது. நர்ஸ் ஒரு பழைய குறிப்பேடு கொடுத்திருக்கிறார், அதில் எழுதிக் காட்டித்தான் தண்ணீர் கேட்கிறேன். உங்கள் ஆபீஸ் போனில் பேசலாமென்றால் என்ன பேசுவது, மூச்சுதான் விட முடியும்.

எட்டாம் தேதி கண்ணும் சிவந்துவிட்டது. சீழ் வடிகிறது. காலையில் இமை இரண்டும் பசை போட்டது போல் ஒட்டிக்கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. கீழேயும் அதே புண்.

அதனால்தான் இங்கே ஒரு சின்ன டாக்டர், இளவயசுக்காரர், கேட்டார். அண்ணி பக்கத்திலேயே நிற்கிறார், வார்டில் இருபது பேர். "கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டுக்காரர் எங்க? பார்த்து எத்தனை நாளாச்சு? வெளிப்பழக்கம் ஏதாவது உண்டா?" நான் குறிப்பேட்டில் 'இல்லை' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்று சொல்லி ரத்தம் எடுக்க எழுதிவிட்டுப் போய்விட்டார். இருமலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணி அதற்கப்புறம் என் கட்டிலில் உட்காரவில்லை. ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கண் டாக்டர் ஓர் அம்மா. நல்லவர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து கண்ணாடிக் குச்சியை இமைக்குள் விட்டு ஒட்டினதைப் பிரித்துவிட்டு மருந்து தடவுகிறார். உயிர் போய் வருகிறது. "பொறுத்துக்கம்மா. ஒரு நாள் விட்டாலும் இமை கண்ணோட சேர்ந்து வளர்ந்துடும்" என்றார்.

நீங்கள் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போனால் போதும். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

உங்கள்
புள்ளி


ஜூன் 13

அக்கா ஆபீஸ் போனில் பேசினாள். ஸ்டோர்கீப்பர், எழுத்தர், இரண்டு டிரைவர் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் கேட்டால் மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

உன் கடிதமும் அன்றைக்கே வந்தது. கூச்சமாக இருக்கிறதாம். அந்தக் கூச்சம் எப்போது இருந்திருக்க வேண்டும்?

காலண்டரை எடுத்து வைத்து எண்ணினேன். நான் வீட்டை விட்டுப் புறப்படும்போது உன் வாயில் புண் இல்லை, வேறெங்கேயும் இல்லை, எனக்குத் தெரியாதா? நான் போனதற்கு அப்புறம் வந்திருக்கிறது. படித்த டாக்டர் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டால், அவன் சின்ன டாக்டராகிவிட்டான், நீ பெரிய பத்தினியாகிவிட்டாய்.

உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'இருமலை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்' என்று எழுதியிருக்கிறாய். முன்கூட்டியே என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறாய். நல்ல மூளை. புரூப் பார்க்கிறவள் மூளை.

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓர் ஆள் உன் காதோரம் உட்கார்ந்து படிக்கிறான். அண்ணனாம். அவன் வாய், உன் கண். இப்போது உனக்கு எதெது அழுகுகிறது என்று நீயே பார்த்துக்கொள்.

உங்கள் அச்சக மேலாளருக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். உங்கள் புரூப் அறையில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள், இல்லாவிட்டால் நானே வந்து விசாரிக்கிறேன் என்று.

ராத்திரி ஆபீஸில் ஆள் இல்லாதபோது அக்காவைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரியில் நீ கிடக்கக் கிடக்க நாலு பேர் வந்து பார்ப்பார்கள், நாலு பேர் கேட்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, பின்னறையில் படுக்க வை, யார் கேட்டாலும் அம்மை போட்டிருக்கிறது என்று சொல் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையெழுத்து, உன் தட்டையும் துணியையும் தொட வேண்டியிருக்கிறது.

எனக்கு நீ எழுத வேண்டாம். எழுதுவதாக இருந்தால் உண்மையை எழுது. அது ஒரு பேர்தான், ஒரு வரியில் எழுதிவிடலாம்.


ஜூலை 9, வேறு ஆஸ்பத்திரி

உங்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். உண்மை இருந்தால் எழுதலாம் என்றும் சொன்னீர்கள். இருக்கிறது. ஒரு வரியில் அடங்காது.

அளவுகோலைத் தாளில் வைத்து, அதன் மேலேயே பேனாவை ஓட்டி எழுதுகிறேன். இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது, பனி மூடிய ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. யாரிடமும் சொல்லி எழுத வைக்க எனக்கு இஷ்டமில்லை.

உங்கள் கடிதத்தை நான் படிக்கவில்லை. அப்போது எனக்குக் கண் திறக்காது. அண்ணிதான் படித்துக் காட்டினார். பின்னறை வாசலில் நின்றுகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஒரு வரியைக்கூட முழுங்கவில்லை. 'எதெது அழுகுகிறது' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு அதையும் படித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை எப்படிக் கூட்டி வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அண்ணி கையெழுத்துப் போடுகிறார் என்று பேச்சிலிருந்து புரிந்தது. கண் டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "இப்பக் கூட்டிட்டுப் போனா கண்ணு போயிடும், புரியுதா உங்களுக்கு?" என்று கேட்டார். "அவ புருஷன் சொல்லிட்டாருங்க" என்றார் அண்ணி. நான் குறிப்பேட்டில் 'வேண்டாம்' என்று எழுதினேன். எந்தப் பக்கம் ஆள் நிற்கிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் நீட்டினேன். யாரோ அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பைக்குள் வைத்தார்கள். என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

பன்னிரண்டு நாள். அண்ணி வாசலில் பாலை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார், நான் சுவரைத் தடவிக்கொண்டு போய் எடுப்பேன். கண் மருந்தைத் தலைமாட்டில் வைத்தார். "நீயே போட்டுக்கோ. எனக்கும் ஒட்டிக்கிட்டா என்னை யாரு பார்ப்பா?" என்றார். போட்டேன். திறக்காத கண்ணில் மருந்து எங்கே இறங்கும், கன்னத்தில்தான் வழிந்தது. ஒவ்வொரு நாளும் இமைக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது எனக்குத் தெரிந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வலியே நின்றுவிட்டது. குணமாகிறது என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். ஒட்டி முடிந்துவிட்டதால் வலிக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் ரேடியோ அண்ணனின் வீட்டுக்காரம்மா வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை, சண்டைக்கு வந்தார். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் அண்ணனை முப்பத்தோரு வருஷ வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். "எங்கடி அவ? என் மனுஷனைத் தெருவுல நிக்க வச்சவ எங்க?" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்தார். அப்புறம் சத்தமே இல்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு என் பக்கத்தில், ரொம்பக் கிட்டே, "ஐயோ, என்ன பொண்ணே இது" என்று கேட்டது. தொடக் கூடாது என்று நான் கையை ஆட்டினேன். தொட்டார். புடவையைச் சுற்றிவிட்டு, அண்ணி தடுக்கத் தடுக்க வண்டி பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே இருக்கிற டாக்டரம்மா முதல் கேள்வியாக, "முதல்ல புண்ணா, முதல்ல இருமலா?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். இருமல் என்று எழுதிக் காட்டினேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், தொண்டையிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கிருமி. நெஞ்சுக்கு வருவது. நூற்றுக்கணக்கான பேருக்கு வந்து இருமலோடு போய்விடுமாம். எங்கேயோ ஒருவருக்கு மட்டும் உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போடுகிறேன் என்று தன்னையே சுட்டுக்கொள்ளுமாம்.

"உடம்புல எங்கெங்க ஈரமா இருக்கோ அங்கெல்லாம் வெந்துபோகும். வாய், கண்ணு, கீழே. இதுக்கும் படுக்கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அங்க எடுத்த ரத்தத்துலயும் ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு. அதை வாங்கிப் பார்க்கக்கூட யாரும் போகலியா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம், "உனக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி வீட்டுல யாருக்காவது இருமல் இருந்துச்சா?" என்றார்.

நீங்கள் ஒரு பேர் கேட்டீர்கள். அந்தப் பேரைத்தான் எழுதிக் காட்டினேன். உங்கள் பேரை.

அது குற்றமில்லை. யாரும் வேண்டுமென்று இருமுவதில்லை.

வலது கண்ணில் இமையும் விழியும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. கறுப்பு விழி மேல் வெள்ளையாகத் தழும்பு. பிரித்து, அது மறுபடி ஒட்டாமலிருக்க, ஏதோ ஒரு தாயின் பிரசவத்தில் கிடைத்த பனிக்குடச் சவ்வை உள்ளே வைத்துத் தைக்கப் போகிறார்கள். பார்வைக்காக இல்லை. அது போய்விட்டது. வலி குறைவதற்காக.

பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கிறது. எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அச்சக மேலாளருக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ரேடியோ அண்ணன் வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூலை 15

அன்புள்ள புள்ளிக்கு,

தாள்களை எங்கள் கேம்ப் டாக்டரிடம் காட்டினேன். சரிதான் என்றார். இங்கே கொட்டகையில் இருந்த இருமலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன். என் நிலைமையில் இருந்து பார். நாலு பேர் நடுவில் போனில் அப்படியொரு சேதி வந்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் தலை சுற்றாது? டாக்டரே சந்தேகப்பட்டிருக்கிறான், நான் டாக்டருக்குப் படித்தேனா? அக்காவும் பயந்துபோய்ச் செய்ததுதான். நடந்தது நடந்துவிட்டது, அதையே தோண்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஒன்று மட்டும். இருமல் என்னிடமிருந்து வந்தது என்பதை அக்காவிடம் சொல்லாதே. அவளுக்குத் தாங்காது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் நல்லது.

மேலாளருக்கு எழுதச் சொல்கிறாய். எழுதினால் முதலில் எழுதியது பொய் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா? நாளைக்கு அந்த ஆள் என் மேல் கேஸ் போட்டால்? முப்பத்தோரு வருஷ அனுபவம் இருக்கிறவருக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும். நீயும் இனி அங்கே போக வேண்டாம்.

கண் இப்போது எப்படி இருக்கிறது? பார்த்தவுடன் தெரியுமா? கறுப்புக் கண்ணாடி போட்டால் மறையுமா? உதட்டில் தழும்பு உண்டா? டாக்டரிடம் கேட்டு எழுது.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன். கட்டாயம் வருவேன்.

உன்
பெருச்சாளி


ஜூலை 27

அன்புள்ள என் புள்ளிக்கு,

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். என்ன செய்வது, கடைசி நேரத்தில் லீவு இல்லையென்றுவிட்டார்கள். சனிக்கிழமை சுரங்கத்தில் ஓர் இடம் சரிந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் நான் நகர முடியவில்லை. என் மனசெல்லாம் அங்கேதான் இருந்தது.

நம் சரக்கு லாரி டிரைவர் அந்தப் பக்கம் வந்தார், அவர் கையில் பழம் கொடுத்தனுப்பினேன். கிடைத்ததா? ஆரஞ்சு உனக்குப் பிடிக்குமே என்று நானே பொறுக்கி எடுத்தேன்.

நீ எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். இதை நம்பு. மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். எப்போது அனுப்புவார்கள் என்று எழுது, அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவாள். ஏன் பதிலே போடவில்லை? உன் எழுத்தைப் பார்க்காமல் எனக்கு வேலை ஓடவில்லை.

உன்
பெருச்சாளி


ஆகஸ்ட் 2

உங்களுக்கு,

ஆரஞ்சு கிடைத்தது. வாய் ஆறிவிட்டாலும் புளிப்பு இன்னும் எரிகிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பெண்ணின் குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையிலேயே நர்ஸிடம் கேட்டுத் தலை வாரிக்கொண்டேன். பதினோரு மணிக்கு வலது கண்ணின் கட்டை அவிழ்த்துத் துடைப்பார்கள். அன்றைக்குத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் காற்றுப் படட்டும் என்று கட்டாமல் விட்டிருந்தார் நர்ஸ். தையல் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. இமை வீங்கி, உள்பக்கம் வெளியே பிதுங்கி, சிவப்பும் வெள்ளையுமாக இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. இங்கே யாரும் கண்ணாடி தருவதில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்திருக்கிறீர்கள். முகம் தெரியவில்லை, உண்மைதான். ஆனால் இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிற ஆள் இந்த உலகத்தில் எனக்கு ஒருவர்தான். பச்சைச் சட்டை, புதுசு. கையில் பை. கதவுக்கு உள்ளே இரண்டு அடி வந்தீர்கள். நான் கையைத் தூக்கப் போனேன். பிறகு, நீங்களே முதலில் பேசட்டும் என்று இருந்தேன். ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதியே வாழ்ந்துவிட்டு, வாய் திறந்ததும் உங்களிடம் என்ன பேசுவது என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். திட்டுவதற்கில்லை. 'வாங்க' என்று சொல்லத்தான்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டீர்கள். நோய் ஒட்டும் என்றா, அல்லது வேறு எதற்கா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டு அடி வந்தவர் இரண்டு அடி பின்னால் போனீர்கள். வாசலில் நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

"யாரைப் பார்க்கணும்?"

"அந்தக் கடைசிக் கட்டில். இதை அவங்ககிட்டக் குடுத்துடுங்க."

"உள்ள போய் நீங்களே குடுங்களேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவங்க."

என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஈரமில்லாத இடம்.

நீங்கள் வந்ததிலும் போனதிலும் எனக்குக் கோபமில்லை. பயந்துவிட்டீர்கள், எனக்கே பயமாகத்தான் இருக்கும். உங்களுக்குக் கடிதம் எழுதலாம் என்று தாளை எடுத்தும் வைத்தேன், 'பார்த்தேன், பரவாயில்லை, இன்னொரு நாள் வாங்க' என்று எழுத. அதற்குள் லாரி டிரைவரும் சரிந்த சுரங்கமும் வந்துவிட்டார்கள்.

அண்ணி முந்தாநாள் வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன், இருமல் யாருடையது என்று. நீங்கள் வந்து திரும்பிப் போனதையும் சொன்னேன். ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சின்ன வயசுலயே அவன் அப்படித்தான். எதையாவது உடைச்சுட்டான்னா போய் ஒளிஞ்சுக்குவான். நான்தான் பொறுக்கி எடுத்து வெளிய போடுவேன்" என்றார். அழுதார். என் கையைத் தொடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பன்னிரண்டு நாளை மறக்க எனக்குப் பெரிய மனசு வரவில்லை.

மேலாளருக்கு நானே எழுதினேன், தாள்களின் நகலோடு. பதில் வந்தது. வருந்துகிறாராம், ஆனால் புரூப் அறையில் இரண்டு இடத்துக்கும் ஆள் போட்டாயிற்றாம். ரேடியோ அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் இங்கே வந்து எனக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறார். இப்போது நான் எதையும் சரிபார்ப்பதில்லை, சும்மா கேட்கிறேன். இந்த வாரம் என்னை அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறேன். அந்த அம்மா இன்னும் என்னை முழுசாக மன்னிக்கவில்லை, இங்கே கொண்டுவருகிற சாப்பாட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைக்கிறார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வைக்கிறார்.

மாடி அறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம். என் புடவைகளை அண்ணி எடுத்துக்கொள்ளட்டும்.

நர்ஸிடம் நீங்கள் சொன்ன வார்த்தையை நிறையத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதில் பிழை ஒன்றுமில்லை. நமக்கு அதுவே போதும், அப்படியே இருந்துவிடலாம். தெரிந்தவர்களுக்கு யாரும் இவ்வளவு நீளமாக எழுதுவதில்லை. கண்ணும் வலிக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.